98.6 என்ற எண்ணும் நம் வீட்டுத் தெர்மாமீட்டரும்

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு இதழில் வெளியிடப்படுகிறது.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். ஒரு எண்ணைப் பார்த்தால் இது எங்கிருந்து வந்தது, யார் எழுதினார்கள், எதைக் கூட்டி எதை வகுத்து வந்தது என்று கேட்கிற பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. அந்தப் பழக்கத்தோடுதான், நம் எல்லார் வீட்டிலும் புழங்குகிற ஒரு எண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 98.6.

நம் பிளாக்குகளில் வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகள் பெங்களூரில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது என்றால் முதலில் எடுப்பது தெர்மாமீட்டர். அது காட்டுகிற எண்ணை வைத்துத்தான் "ஒன்றுமில்லை, படுங்கள்" என்றோ "கிளம்புங்கள், டாக்டரிடம் போகலாம்" என்றோ வீட்டில் முடிவாகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு அந்த முடிவைத் தனியாக எடுக்க வேண்டியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஆகவே எண்ணைச் சரியாக எடுக்கவும் தெரிய வேண்டும், எடுத்ததைப் படிக்கவும் தெரிய வேண்டும்.

நான் சொல்லப்போவதன் சாரம் இதுதான். 98.6 ஒரு சராசரி. அது உங்களுடைய எண்ணாக இருக்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் எண் எது என்பதை, உடம்பு நன்றாக இருக்கும்போதே நீங்கள் அளந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த எண் எங்கிருந்து வந்தது?

உடம்பின் சூட்டை எண்ணாகச் சொல்ல முதலில் முயன்றவர்களில் ஒருவர் இத்தாலிய மருத்துவர் சான்டோரியோ. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோயாளி வாயில் வைத்துக்கொள்ளும்படியான ஒரு கண்ணாடிக் கருவியை அளவுக்குறிகளுடன் செய்தார். நூறு வருஷம் கழித்து, 1714இல், பாரன்ஹீட் என்பவர் பாதரசத் தெர்மாமீட்டரைச் செய்தார். 1724இல் தன் அளவுகோலை வெளியிட்டார். அதில் ஆரோக்கியமான மனிதரின் சூடு 96 என்றுதான் வைத்திருந்தார். பிற்பாடு தண்ணீர் உறைவது 32, கொதிப்பது 212 என்று அந்த அளவுகோலை நிலைப்படுத்தியபோது, உடம்புக்கான எண் இடம் மாறிவிட்டது. ஸ்வீடனில் செல்சியஸ் 1742இல் இன்னொரு அளவுகோலைக் கொண்டுவந்தார். அவர் முதலில் கொதிநிலைக்கு 0, உறைநிலைக்கு 100 என்று வைத்தார். பின்னால் வந்தவர்கள்தான் அதைத் திருப்பிப் போட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் டாக்டர்கள் தெர்மாமீட்டரைத் தினசரி பயன்படுத்தவில்லை. அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியில் லைப்சிக் நகர மருத்துவமனையில் இருந்த கார்ல் வுண்டர்லிஷ். 1868இல் நோயும் உடல் வெப்பமும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சுமார் 25,000 நோயாளிகளிடம் எடுத்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அளவுகள் அதற்கு அடிப்படை என்பார்கள். ஏறக்குறைய ஒரு அடி நீளத் தெர்மாமீட்டர். அதை அக்குளில் வைத்துக் கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். கால்குலேட்டர் கிடையாது. கையால் லெட்ஜர் எழுதிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் என்ற முறையில், அந்த மனிதருக்கு நான் ஒரு கும்பிடு போடுகிறேன்.

அவர் சொன்ன சராசரி 37 டிகிரி செல்சியஸ். பாரன்ஹீட்டுக்கு மாற்ற 1.8ஆல் பெருக்கி 32 கூட்ட வேண்டும். பெருக்கினால் 66.6, கூட்டினால் 98.6. நம் எண் இப்படி வந்ததுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 37 என்பது முழு எண். அதை மாற்றும்போது ஒரு தசம இலக்கம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. "சுமார் நூறு ரூபாய் இருக்கும்" என்று ஒருவர் சொல்கிறார். அதை நீங்கள் டாலராக மாற்றி சென்ட் சுத்தமாக எழுதினால், கணக்கு ரொம்பத் துல்லியமாகத் தெரியும். ஆனால் அவர் சொன்னது சுமார்தானே? 98.6இல் இருக்கும் அந்த .6 அப்படி வந்த துல்லியம்.

வுண்டர்லிஷ் இதை அறியாதவர் அல்லர். ஆரோக்கியமான உடம்பின் சூடு ஒரு வரம்புக்குள் ஏறி இறங்கும், விடியற்காலையில் குறைவு, மாலையில் அதிகம், பெண்களுக்குச் சற்றுக் கூடுதல், வயதானவர்களுக்குக் குறைவு என்றெல்லாம் எழுதியிருக்கிறார். உலகம் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டது.

மறுபடியும் கணக்குப் பார்த்தார்கள்

வங்கியில் ஆடிட் வருவதுபோல, இந்த எண்ணுக்கும் ஆடிட் நடந்தது. 1992இல் அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழக மருத்துவர் பிலிப் மெக்கோவியாக்கும் அவருடைய குழுவினரும் 18 முதல் 40 வயது வரையுள்ள ஆரோக்கியமான 148 பேரிடம் வாயில் வைத்து 700 அளவுகள் எடுத்தார்கள். சராசரி 98.2 வந்தது. எழுநூறில் சரியாக 98.6 காட்டியவை 56 மட்டும். நூற்றுக்கு எட்டு. "நார்மல்" என்று நாம் சொல்லும் எண் நூற்றில் தொண்ணூற்றிரண்டு முறை வரவில்லை என்று அர்த்தம். பிலடெல்பியாவில் ஒரு மருத்துவ அருங்காட்சியகத்தில் வுண்டர்லிஷ் காலத்துத் தெர்மாமீட்டர் ஒன்று இருக்கிறது. அதையும் சோதித்துப் பார்த்தார்கள். இன்றைய கருவிகளைவிடக் கூடுதலாகவே காட்டியது.

2020இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று, அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருந்த வீரர்களின் பழைய மருத்துவப் பதிவுகளில் தொடங்கி 2017 வரையிலான 6,77,423 அளவுகளை ஒப்பிட்டது. பிறந்த ஆண்டு பத்து வருஷம் தள்ளத் தள்ள உடல் வெப்பம் சுமார் 0.03 டிகிரி செல்சியஸ் குறைந்துகொண்டே வந்திருப்பதாக எழுதினார்கள். அந்தக் காலத்தில் காசநோய், ஈறு நோய் என்று ஏதாவது ஒரு தொற்று உடம்பில் எப்போதும் புகைந்துகொண்டிருக்கும். இப்போது அது குறைந்துவிட்டது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

நமக்கு வேண்டியது இவ்வளவுதான். வாயில் வைத்து எடுத்தால் பெரும்பாலோருக்கு 97க்கும் 99க்கும் இடையில் எங்காவது இருக்கும். ஒரே ஆளுக்கே ஒரே நாளில் ஒரு டிகிரி அளவுக்கு ஏறி இறங்கும். காலை நாலிலிருந்து ஆறு மணிவாக்கில் மிகக் குறைவு. மாலை நாலிலிருந்து ஆறு வாக்கில் மிக அதிகம். ஆகவே சாயங்காலம் 99 என்பது பலருக்குச் சாதாரணம். அதே 99 விடியற்காலை ஐந்து மணிக்கு வந்தால் ஒரு கண் வைக்க வேண்டும். எந்தத் தேதி என்று எழுதாத வவுச்சர் எப்படிச் செல்லாதோ, எத்தனை மணிக்கு எடுத்தது என்று எழுதாத ஜுரக் கணக்கும் அப்படித்தான்.

உடம்பில் நடப்பது என்ன?

மூளைக்குள் ஹைப்போதலாமஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதை நம் வீட்டு ஏசியின் தெர்மோஸ்டாட் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கிருமி உள்ளே வந்ததும் உடம்பே அந்த ரிமோட்டை எடுத்து 98ஐ 102 ஆக மாற்றி வைக்கிறது. பல கிருமிகளுக்கு அந்தச் சூட்டில் பெருகுவது கடினம், நம் எதிர்ப்பு சக்தியும் வேகமாக வேலை செய்யும். உடம்பு இன்னும் 98இல்தான் இருக்கிறது, ஆனால் செட்டிங் 102. அதனால்தான் குளிர்கிறது, நடுங்குகிறது, போர்வை கேட்கிறோம். ஜுரம் விடும்போது செட்டிங் மறுபடி 98க்கு வருகிறது. மிச்சச் சூட்டைத் தள்ளுவதற்குத்தான் வேர்த்துக் கொட்டுகிறது. பாரசிட்டமால் மாத்திரை செய்வது அந்த ரிமோட்டைக் கீழே இறக்குவது.

வெயிலில் அடிபட்டு வரும் சூடு வேறு. அங்கே ரிமோட்டை யாரும் தொடவில்லை, ஏசியே பழுதாகிவிட்டது. அதனால் பாரசிட்டமால் அங்கே உதவாது. மே மாதம், மேல்மாடி வீடு, மின்தடை. பெரியவர் ஒருவர் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், உடம்பு கொதிக்கிறது, 104 அல்லது அதற்கு மேல் காட்டுகிறது என்றால் அது வெப்பத் தாக்கு. உடனே 108க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும்வரை நிழலான இடத்துக்குக் கொண்டுபோய், உடைகளைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் தண்ணீரால் நனைத்து, விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

இன்னொன்று. "எனக்குச் சூட்டு உடம்பு" என்று நாம் சொல்வோமே, கண் எரிச்சல், நீர்க்கடுப்பு, எண்ணெய் தேய்த்துக் குளித்தால் சரியாகும் என்று. அது நம் பேச்சு வழக்கு. சூட்டு உடம்புக்காரரையும் குளிர்ச்சி உடம்புக்காரரையும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் காட்டும். எண்ணெய்க் குளியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் சூட்டையும் இந்தச் சூட்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்கிறேன்.

எங்கே வைப்பது, எப்படி வைப்பது?

வாய், அக்குள், காது, நெற்றி, ஆசனவாய். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு அளவு வரும். வாயில் வருவதைவிட அக்குளில் அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி பாரன்ஹீட் வரை குறைவாக இருக்கும். ஆசனவாயில் அதே அளவு கூடுதலாக இருக்கும். "அக்குளில் 99, அதோடு ஒன்று கூட்டி 100" என்று நீங்களே கணக்குப் போட வேண்டாம். வித்தியாசம் ஆளுக்கு ஆள் மாறும். வந்ததை வந்தபடி எழுதி, பக்கத்தில் இடத்தையும் எழுதுங்கள். ஒரு ஜுரத்துக்கு ஒரே இடம், ஒரே கருவி. காலையில் வாயிலும் மாலையில் நெற்றியிலும் எடுத்துவிட்டு ஜுரம் ஏறிற்றா இறங்கிற்றா என்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

வாயில் எடுப்பதானால், காபியோ ஐஸ் தண்ணீரோ குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். முனையை நாக்குக்கு அடியில், பின்பக்கமாக ஓரத்தில் வையுங்கள். நாக்கின் நுனியில் வைத்தால் குறைவாகக் காட்டும். உதட்டை மூடி மூக்கால் மூச்சு விடுங்கள். மூக்கடைப்பு இருந்து வாயால் மூச்சு விடுபவர்களுக்கு, பல்செட் ஆடுகிறவர்களுக்கு, சின்னக் குழந்தைகளுக்கு வாய் சரிப்படாது.

அக்குளில் என்றால் வியர்வையைத் துடைத்துவிட்டு, துணி நடுவில் சிக்காமல், கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பாதரசத் தெர்மாமீட்டரானால் ஐந்து நிமிஷத்துக்குக் குறையக் கூடாது. மெலிந்த பெரியவர்களுக்கு அக்குளில் குழி விழுந்திருக்கும், முனை தோலைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். பக்கத்திலிருப்பவர் பார்த்து வைக்க வேண்டும்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர்தான் இப்போது வீட்டுக்கு நல்லது. முனையில் உள்ள சின்னக் கருவியின் மின்தடை சூட்டுக்கு ஏற்ப மாறும், அதை எண்ணாகக் காட்டும். எண் ஏறுவது நின்றதும் 'பீப்' அடிக்கும். பீப் வருவதற்கு முன்னால் எடுக்காதீர்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் பேட்டரியை மாற்றுங்கள்.

துப்பாக்கி மாதிரி நெற்றிக்கு நேராகப் பிடிப்பது நம் எல்லாருக்கும் 2020இல் அறிமுகமானது. கேட்டில் செக்யூரிட்டி பிடிப்பார், 94 என்று காட்டும், உள்ளே விடுவார். 94 என்றால் நியாயமாக ஆம்புலன்சைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும்! தோலிலிருந்து வெளிவரும் அகச்சிவப்புக் கதிரை அந்தக் கருவி வாங்கிக் கணக்குப் போடுகிறது. தோலின் சூடு உள்சூட்டைவிடக் குறைவு. கருவி ஒரு தொகையைக் கூட்டித்தான் எண்ணைக் காட்டும். வெயிலில் நடந்து வந்தவர், ஏசி காரிலிருந்து இறங்கியவர், நெற்றியில் வியர்வையோ விபூதியோ இருப்பவர் ஆகியோரிடம் அந்தக் கணக்கு தப்பிப்போகும். மணிக்கட்டில் பிடித்தால் இன்னும் மோசம். வீட்டில் பயன்படுத்துவதானால், வெளியிலிருந்து வந்து கால் மணி நேரமாவது ஆகட்டும், நெற்றியைத் துடையுங்கள், பெட்டியில் சொல்லியிருக்கும் தூரத்தில் பிடியுங்கள். சந்தேகமான எண் வந்தால் வாயில் வைத்து உறுதி செய்யுங்கள்.

பழைய பாதரசத் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெந்நீரில் கழுவாதீர்கள். பெரும்பாலும் 108 வரைதான் அளவு இருக்கும், அதற்கு மேல் பாதரசம் விரிந்தால் கண்ணாடி வெடித்துவிடும். உடைந்தால் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, வாக்குவம் கிளீனர் போடவே கூடாது. குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, ஜன்னலைத் திறந்து, இரண்டு அட்டைகளால் மணிகளைச் சேர்த்து, மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள். மிச்சத்தைச் செல்லோ டேப்பால் ஒற்றி எடுக்கலாம். சிங்க்கில் கொட்ட வேண்டாம். மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளில் உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர் அபாயகரமான வீட்டுக் கழிவு என்று பட்டியலில் இருந்தது. மற்ற குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும்.

யாருக்கு எந்த எண்?

பெரியவர்களுக்குப் பொதுவாக, வாயில் 100.4, அதாவது 38 செல்சியஸ் அல்லது அதற்கு மேல் என்றால் காய்ச்சல் என்று டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு 100.4 வந்தால் அது காத்திருக்கிற விஷயமே இல்லை. குழந்தை சிரித்து விளையாடினாலும் சரி, அன்றைக்கே, அந்த நேரத்திலேயே டாக்டர் பார்க்க வேண்டும். மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. பேரக்குழந்தை பார்க்க வந்திருக்கும் வீடுகள் இதை முக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நம்மைப் போன்றவர்கள். வயதானால் நார்மலே இறங்கிவிடுகிறது. உடம்பு ஜுரத்தை மூட்டுகிற சக்தியும் குறைந்துவிடுகிறது. நிமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ இருந்தும் 99ஐத் தாண்டாமல் போகலாம். முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்காக அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் வகுத்த வழிகாட்டியில் மூன்று அடையாளங்கள் சொல்லியிருக்கிறார்கள். வாயில் ஒரு முறை 100க்கு மேல். அல்லது திரும்பத் திரும்ப 99க்கு மேல். அல்லது அவருடைய வழக்கமான அளவைவிட இரண்டு டிகிரி பாரன்ஹீட் கூடுதல். இந்த மூன்றாவதைப் பாருங்கள். வழக்கமான அளவு தெரியாமல் இரண்டு டிகிரி கூடிற்றா என்று எப்படிச் சொல்வது? ஓப்பனிங் பேலன்ஸ் தெரியாமல் கணக்கை முடிக்க முடியுமா?

எங்கள் வீட்டில் என் மாமியாருக்கு 84 வயது. அவருடைய அளவு காலையில் 97, மாலையில் 97.4 என்று காலண்டரில் எழுதி வைத்திருக்கிறோம். ஒரு நாள் சாப்பாடு வேண்டாம் என்றார். வியாழக்கிழமையை ஞாயிறு என்றார். இருமல், சளி எதுவும் இல்லை. காலையில் அளந்தால் 99.2. எண்ணை மட்டும் பார்த்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். காலண்டர் தாளைக் கிழித்துக் கையோடு எடுத்துக்கொண்டு போனோம். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு இது ஜுரம்தான்" என்று சொல்லி உடனே சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதினார். தொற்று இருந்தது. மருந்து ஆரம்பித்து நாலைந்து நாளில் பழையபடி கிழமை, திதி, நட்சத்திரம் எல்லாம் சரியாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

வயதானவரிடம் திடீர்க் குழப்பம், பசியின்மை, எழுந்திருக்க முடியாத தளர்ச்சி, மூச்சு வாங்குதல், கீழே விழுதல் இவற்றில் ஏதாவது இருந்தால் தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் டாக்டரிடம் போங்கள். எண் சின்னதாக இருக்கிறது என்பது நின்றுவிடுவதற்குக் காரணம் ஆகாது. 95க்குக் கீழே உண்மையாகவே இறங்கியிருந்தால் அதுவும் அவசரம்தான்.

எண் இறங்கினால் பயம் விட்டதா?

மழைக்காலத்தில் டெங்கு வருகிறது. அதில் பலர் அறியாத ஒரு சிக்கல் உண்டு. காய்ச்சல் ஆரம்பித்த மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு இறங்கும். வீட்டில் எல்லாரும் "அப்பாடா" என்பார்கள். ஆனால் சிலருக்கு ஆபத்தான கட்டம் ஆரம்பிப்பது அப்போதுதான். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அதிகச் சோர்வு அல்லது நிலைகொள்ளாமை, சிறுநீர் குறைதல் இவற்றில் எது இருந்தாலும் 98 என்று தெர்மாமீட்டர் காட்டுவதை நம்பி இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டெங்கு சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகளை நாமாகப் போடக் கூடாது. அவை ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். இதய நோய்க்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

கேள்வி நேரத்தில் வந்தவை

*நெற்றியில் கை வைத்துப் பார்த்தாலே தெரியாதா?* சுடுகிறது என்று தெரியும், எவ்வளவு என்று தெரியாது. பாத்திரம் கழுவிவிட்டு வந்த ஈரக் கைக்கு எல்லா நெற்றியும் சுடும். கை சொல்வது சந்தேகம். தீர்ப்பைத் தெர்மாமீட்டரிடம் விடுங்கள்.

*நெற்றிக்கு நேரே துப்பாக்கி பிடித்தால் மூளைக்குக் கெடுதல் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?* அது தவறு. அந்தக் கருவி நம்மிடமிருந்து வரும் வெப்பக் கதிரை வாங்கிக்கொள்கிறது, எதையும் உள்ளே செலுத்துவதில்லை.

*உள் காய்ச்சல் என்கிறார்களே, தெர்மாமீட்டரில் வராதாமே?* உடம்பு வலியும் அசதியும் இருந்து எண் நார்மலாக இருந்தால், காலை வேளையில் அளந்திருக்கலாம், அல்லது பாரசிட்டமால் போட்டபின் அளந்திருக்கலாம். ஒரே நாளில் நாலு முறை அளந்து எழுதுங்கள். அசதி தொடர்ந்தால் அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள். உள் காய்ச்சல் என்று நாமே பெயர் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

*மாத்திரை போட்டபின் அளக்கலாமா?* முதலில் அளந்து, நேரத்தைக் குறித்து, அப்புறம் போடுங்கள். இன்னொன்று, சளி ஜுரம் என்று கடையில் வாங்கும் பல கூட்டு மாத்திரைகளில் பாரசிட்டமால் ஏற்கெனவே இருக்கும். அதோடு தனியாகவும் போட்டால் இரட்டை வரவு. ஈரலுக்குக் கேடு. அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

*மகள் லண்டனில் இருக்கிறாள். 101 என்றால் அவளுக்குப் புரியவில்லை.* அங்கே செல்சியஸ். அமெரிக்காவில் நம்மைப் போலப் பாரன்ஹீட். இந்த ஐந்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 36 என்றால் 96.8. 37 என்றால் 98.6. 38 என்றால் 100.4. 39 என்றால் 102.2. 40 என்றால் 104.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

பராமரிப்புக் கட்டணத்தைக் கூட்டச் சொல்லி நான் வரவில்லை, பயப்பட வேண்டாம். அடுத்த ஒரு வாரம், உடம்பு நன்றாக இருக்கும் நாட்களில், காலை எழுந்ததும் ஒரு முறை, சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் ஒரு முறை வீட்டிலுள்ள பெரியவர்களின் சூட்டை அளந்து எழுதுங்கள். அறுபது தாண்டியவர் நீங்களானால் உங்களுடையதையும் எழுதுங்கள். ஏழு காலை எண்களைக் கூட்டி ஏழால் வகுங்கள். மாலைக்கும் அப்படியே. ஒரு அட்டையில் பெயர், வயது, காலை அளவு, மாலை அளவு, எந்தக் கருவி, எந்த இடம், சாப்பிடும் மருந்துகள், டாக்டர் நம்பர், பிள்ளைகள் நம்பர் எல்லாவற்றையும் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.

தனியாக இருப்பவர்கள் அந்த அட்டை ஒட்டியிருக்கும் இடத்தைப் பக்கத்து பிளாட்காரரிடம் சொல்லி வையுங்கள். ஒரு ராத்திரி உங்களால் எழுந்து பேச முடியாமல் போனால், கதவைத் திறந்து வருகிறவருக்கு உங்களைப் பற்றி அந்த அட்டைதான் சொல்லும். எழுதுவதில் யாருக்காவது உதவி வேண்டுமானால் என்னைக் கூப்பிடுங்கள், தினமும் காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருக்கிறேன். கூட்டிப் பெருக்கி வகுத்துக் கொடுப்பது எனக்குப் பழகிய வேலை.